தொட்டிலில்லாத தொழிற்சாலையும் டப்பாப் பாலும்

(படப்பையில் நடந்த தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் மாவு டப்பாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும் ஆண் தோழர்கள் சிலர் மெல்ல எழுந்து டீக்கடைப் பக்கம் நகர்கிறார்கள். போகாதீர்கள். அந்த டப்பாவுக்குக் கொடுக்கிற காசு உங்கள் சம்பளக் கவரிலிருந்துதான் போகிறது. கணக்கைக் கேட்டுவிட்டுப் போய் டீ குடியுங்கள்.

ஒரு குழந்தையைப் பிறந்த நாள் முதல் ஆறு மாதம் வரை பால் மாவிலேயே வளர்ப்பதென்றால் சுமார் 20 கிலோ மாவு வேண்டும். கடையில் விற்கும் பாக்கெட் 400 கிராம். அப்படியானால் 50 பாக்கெட். மருந்துக் கடையில் பல விலைகளில் இருக்கின்றன. பேச்சுக்கு ஒன்று 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25,000 ரூபாய் ஆகிறது. 2025-26 நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். இதைக் கொண்டு வகுத்துப் பாருங்கள். 74 நாள் கூலி! ஒரு வேளை அரிசி வாங்காமல், ஒரு பஸ் டிக்கெட் எடுக்காமல், 74 நாள் குனிந்து மண் வெட்டிய கூலி முழுவதும் மாவுக்கே போகிறது. பால் புட்டி, ரப்பர், கொதிக்க வைக்கும் காஸ், குழந்தைக்குப் பேதி வந்தால் டாக்டர் செலவு, அதற்காக லீவு போட்ட நாளின் சம்பளம், இவற்றையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைத் தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் என்று அரசு சொல்கிறது. அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. மீதி 14,000தான் கையில் வரும் பணம். தாய் நல்ல சோறு சாப்பிடட்டும் என்று கொடுத்த பணம் அது. அதை அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் டப்பாக் கணக்கு பாதிக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும்.

பிறகு என்ன நடக்கிறது? கணக்கு இடிக்கும்போது ஏழைத் தாய் என்ன செய்வாள்? நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போடுவாள். நாலு நாள் வரவேண்டிய மாவை எட்டு நாளுக்கு இழுப்பாள். பால் வெள்ளையாகத்தான் இருக்கும். குழந்தையும் குடிக்கும், வயிறும் நிறையும், உடம்பு மட்டும் தேறாது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லட்சக்கணக்கான வீடுகளில் நடந்த கதை இது. தாய் செய்த குற்றமென்று இதை நாம் சொல்லமாட்டோம். பற்றாத கூலிக்குப் பற்றாத மாவு, அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயம் வேறு இருக்கிறது. டப்பாவில் வருகிற மாவு கிருமியே இல்லாத மாவு என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. அபூர்வமாக அதில் கிருமி இருக்கக்கூடும் என்பதால்தான் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, உடனே புகட்ட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்கிறது. மிஞ்சியதைக் கீழே கொட்டிவிட வேண்டும். படப்பை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கங்களில் ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் எத்தனை தாய்மாருக்கு இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் இப்படி வெந்நீர் காய்ச்ச வசதியிருக்கிறது? லாரியில் வருகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக் குடிக்கிற இடத்தில் பால் புட்டி என்பது பேதிக்குப் போட்ட பாதை.

வசதியுள்ள நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரிலுள்ள அபாட் கம்பெனித் தொழிற்சாலை, கிருமிப் புகாரால் மாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மூடப்பட்டது. நாடே பால் மாவுக்குத் தவித்தது. கடை கடையாக அலைந்து காலித் தட்டுகளைப் பார்த்துத் திரும்பினார்கள் தாய்மார்கள். சில கம்பெனிகளின் கையில் குழந்தைகளின் வயிற்றை ஒப்படைத்துவிட்டால் அப்படித்தான் ஆகும். 2008-ல் சீனத்தில் நடந்தது இன்னும் கொடுமை. தண்ணீர் கலந்த பாலில் புரதம் கூடுதலாக இருப்பதுபோல் காட்ட மெலமைன் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள். 6 குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. லாபவேட்டை எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் லாபவேட்டைதான். இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

சரி, தாய்ப்பாலில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

பிரசவம் ஆனதும் முதலில் வருகிற மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைக்கிறோமென்று சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் கழுதைப் பாலையும் நாக்கில் தடவுகிற வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் முற்றாகப் போகவில்லை. நோயை எதிர்க்கும் சக்தி நிறைந்திருப்பது அந்தச் சீம்பாலில்தான். தாய் தன் வாழ்நாளில் எந்தெந்த நோயோடு போராடி வென்றாளோ, அந்தப் போராட்டத்தின் ஆயுதங்கள் அந்தச் சில சொட்டுகளில் குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன. எந்தக் கம்பெனியும் அதை டப்பாவில் அடைத்துவிடவில்லை. முதல் நாள் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. சில கரண்டிச் சீம்பாலே அதற்குப் போதும். "பால் இறங்கவில்லை, மாவு வாங்கி வாருங்கள்" என்று சொந்தக்காரர்கள் ஓடுகிறார்களே, அந்த ஓட்டத்திற்கு அவசியமே இல்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அக்கினி நட்சத்திரத்தில்கூடத் தண்ணீர் தர வேண்டியதில்லை. பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். பால் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாளைக்கு ஆறு தடவைக்குமேல் சிறுநீர் கழிக்கிறதா, மாதா மாதம் எடை ஏறுகிறதா என்று அங்கன்வாடியில் நிறுத்துப் பாருங்கள். குழந்தை அழுவதை மட்டும் வைத்துப் பால் இல்லையென்று முடிவு கட்டாதீர்கள். குழந்தை ஆயிரம் காரணத்துக்கு அழும்.

இங்கேதான் கம்பெனிக்காரனின் சூட்சுமம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். தாயின் மார்பு தண்ணீர்த் தொட்டியல்ல, ஊற்று. இறைக்க இறைக்கத்தான் ஊறும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும்படி தாயின் உடம்புக்கு உத்தரவு போகும். நடுவில் புட்டியைக் கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பது குறையும். சுரப்பது குறைந்தால் இன்னொரு புட்டி வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு டப்பாவை இலவசமாகக் கொடுத்துவிட்டால் போதும். டப்பா தீரும்போது தாயின் பாலும் வற்றியிருக்கும். பிறகு அவள் காசு கொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும். தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 அறுவைப் பிரசவம் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தாய் மயக்கத்தில் கிடக்கிற அந்த மணி நேரத்தில்தான் முதல் புட்டி நுழைகிறது.

இந்தத் தந்திரம் புதிதல்ல. சிங்கப்பூரில் தாதிகளைப் போல வெள்ளையுடை உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பி டின் பால் விற்றார்கள். அங்கே வேலை செய்த ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் 1939-ல் அவ்வூர் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது தன் பேச்சுக்கு வைத்த தலைப்பு "பாலும் கொலையும்". பெரிய மனிதர்கள் விருந்துண்ணும் சபையில் நின்று, குழந்தைக்கு ஒவ்வாத பாலைப் பிரசாரம் செய்து விற்பது கொலைக்குச் சமானம் என்று அவர் பேசினார். அந்த நெஞ்சுரத்தை நாம் மெச்சுகிறோம்.

1974-ல் லண்டனில் மைக் முல்லர் என்ற பத்திரிகையாளர் எழுதிய சிறு பிரசுரம் ஏழை நாடுகளில் இந்தக் கம்பெனிகள் செய்துவந்த வியாபாரத்தை அம்பலப்படுத்தியது. சுவிட்சர்லாந்தில் ஒரு சிறு குழுவினர் அதை ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்து, "நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது" என்று தலைப்புப் போட்டார்கள். கம்பெனி மானநஷ்ட வழக்குத் தொடுத்தது. 1976-ல் தீர்ப்பு. தலைக்கு 300 பிராங்க் அபராதம். வழக்கில் ஜெயித்தது கம்பெனி. ஆனால் விளம்பர முறைகளை மாற்றிக்கொள்ளும்படி நீதிபதி கம்பெனியைப் பார்த்தே சொன்னார். அப்படி ஜெயிப்பதைவிடத் தோற்பதே மேல்! 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே சாமான்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கிப் பல தேசங்களுக்குப் பரவியது.

1981 மே மாதம் ஜெனிவாவில் உலக சுகாதார சபை கூடி, தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிகளை ஓட்டுக்கு விட்டது. ஆதரவாக 118 நாடுகள். எதிராக ஒரே ஒரு நாடு. எந்த நாடு என்று இந்தக் கூட்டத்துக்குச் சொல்லவும் வேண்டுமா? அமெரிக்கா!

இந்தியாவில் 1983-ல் தேசிய விதிமுறை வந்தது. 1992-ல் சட்டம் வந்தது. 1993 ஆகஸ்ட் 1-ல் அமுலுக்கு வந்தது. 2003-ல் திருத்தி இறுக்கினார்கள். நல்ல சட்டம்தான், உள்ளதைச் சொல்ல வேண்டும். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கான பால் மாவு, உணவு, புட்டி எதற்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. தாய்க்குப் பரிசு கூடாது. ஆஸ்பத்திரிக்கு இனாம் கூடாது. டாக்டர்கள் மாநாட்டுக்குக் கம்பெனிப் பணம் கூடாது. டப்பாவின் மேல் கொழுகொழுக் குழந்தையின் படமோ தாயின் படமோ போடக்கூடாது. குண்டுக் குழந்தையைக் கண்டால் "அமுல் பேபி" என்று நம் ஊரில் கொஞ்சுகிறோமே, விளம்பரம் நம் நாக்கிலேயே போய் எப்படி உட்கார்ந்துவிட்டது பாருங்கள்! டப்பாவிலிருந்து படத்தை எடுக்கச் சட்டம் போடலாம். நாக்கிலிருந்து எடுக்க எந்தச் சட்டம் போடுவது?

தண்டனை என்ன? மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐயாயிரம் ரூபாய்! பத்துப் பாக்கெட் மாவின் விலை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 5,500 கோடி டாலருக்கு இந்த மாவு விற்பதாக 'லான்செட்' மருத்துவப் பத்திரிகை 2023-ல் எழுதியது. அந்தச் சந்தையில் உட்கார்ந்திருக்கும் பகாசுரக் கம்பெனிகளுக்கு ஐயாயிரம் ரூபாய் கொசுக்கடிகூட அல்ல.

ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கிற கூழ் மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பும் குழந்தை உணவுக்கான சர்வதேச அமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரி ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே கம்பெனி விற்கும் அதே பண்டத்தில் சேர்த்த சர்க்கரை இல்லை. சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து வருவதாகக் கம்பெனி பதில் சொன்னது. வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒரு நியாயம், நம் குழந்தைக்கு ஒரு நியாயம்! கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக் காய்ச்சிக் கொடுக்க நம் பாட்டிகளுக்குத் தெரியும். பருப்புச் சாதம் குழையப் பிசைந்து கொடுக்க எல்லோருக்கும் தெரியும். அங்கன்வாடியில் சத்துமாவு இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "டப்பா வாங்குகிறவள் கெட்ட தாய்" என்று எவரும் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். தாய் இறந்த குழந்தை உண்டு. சில கடும் நோய்களுக்கு மருந்து சாப்பிடுவதால் பால் கொடுக்கக் கூடாத தாய் உண்டு. எவ்வளவு முயன்றும் பால் பற்றாத தாயும் உண்டு. அவர்களுக்கு டாக்டர் சொல்லும் அளவில் மாவு மருந்து போல உதவும். 1989-ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. ஒரு தாயின் மிகுதிப் பால் இன்னொரு தாயின் குறைமாதக் குழந்தைக்குப் போகிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டையில்லை. தேவையில்லாதவளிடம் தேவையை உண்டாக்கி விற்கிறானே, அதனோடுதான் சண்டை.

தேவையை உண்டாக்குவது கம்பெனி விளம்பரம் மாத்திரமா? இல்லை தோழர்களே. இந்தச் சாலையில் இருபுறமும் நிற்கிற தொழிற்சாலைச் சுவர்களைப் பாருங்கள். அவையும் சேர்ந்துதான் உண்டாக்குகின்றன.

நூறாண்டுக்கு முன் பம்பாய் பஞ்சாலைகளில் வேலைக்குப் போன தாய்மார், குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று நாக்கில் அபின் தடவிவிட்டுப் போனார்கள். சர்க்கார் நியமித்த பெண் டாக்டரே அதைக் கண்டு எழுதினார். அவர்கள் குழந்தையை வெறுத்தவர்களா? நாள் முழுதும் வேலைக்குப் போகிறவள் வேறென்ன செய்வாள்? பம்பாயில் 1929-லும், நம் சென்னை ராஜதானியில் 1934-லும் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. 1961-ல் இந்தியா முழுவதுக்கும் 12 வாரச் சட்டம் வந்தது. 2017-ல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த விதிகள் சேர்ந்துவிட்டன. 26 வாரம் என்றால் ஆறு மாதம். தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய காலமும் ஆறு மாதம். கணக்குச் சரியாக இருக்கிறதென்று தோன்றும். ஆனால் பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்தவளுக்கு மிச்சம் 18 வாரம்தான். நாலு மாதக் குழந்தையை விட்டுவிட்டு லைனில் வந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் நாளைக்கு நாலு தடவை அங்கே போய்வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு நேரம் போக, பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு.

இந்தக் கூட்டத்தில் கேட்கிறோம்: உங்கள் ஆலையில் தொட்டில் இருக்கிறதா? ஒரு தடவை கக்கூசுக்குப் போகவே சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பால் கொடுக்கப் போகிறேன் என்று எவள் சொல்லத் துணிவாள்? மார்பு கட்டி வலி பொறுக்காமல், கழிவறையில் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருகிறவள் இருக்கிறாள். அவள் குழந்தை அதே நேரத்தில் ஊரிலே பாட்டி கையில் புட்டி குடித்துக்கொண்டிருக்கிறது. விலையில்லாத பால் சாக்கடைக்கு, விலை கொடுத்த மாவு குழந்தைக்கு! முதலாளித்துவப் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ளத் தடித்தடியான புத்தகங்கள் எதற்கு?

தொட்டில் கட்டுவதற்குப் பதில் முதலாளி வேறு வழி கண்டுபிடித்தார். தாயே வேண்டாம் என்றார். மேற்கு மாவட்டப் பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்துக் கல்யாணமாகாத பெண்பிள்ளைகளை மூன்று வருஷத்துக்கு அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். இந்தப் பக்கத்தில் என்ன? ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் தொழிற்சாலையில் ஃபாக்ஸ்கான் கம்பெனி மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறது என்று 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி வந்தது. புதிதாக எடுத்தவர்களில் கால்வாசிப்பேர் மணமானவர்கள் என்று கம்பெனி மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் விளம்பரத்தில் கல்யாண விவரம் கேட்கக் கூடாதென்று கம்பெனி சொல்லிவிட்டதாக மறுபடியும் ராய்ட்டரே எழுதியது. விளம்பரத்திலிருந்து சொல்லை எடுத்தாயிற்று. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்க அரசு பெரிய குடியிருப்புக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்லதுதான். இனிக் கட்டுவதில் கைக்குழந்தைக்காரிக்கும் இடம் கேட்போம்.

"பிரசவ லீவுச் சம்பளம் கொடுத்தால் எங்களுக்குக் கட்டுபடியாகாது" என்று நிர்வாகம் சொல்லும். ஏமாறாதீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தைக் கொடுப்பது ஈ.எஸ்.ஐ.தான். உங்கள் சம்பளத்தில் மாதா மாதம் நூற்றுக்கு முக்கால் ரூபாய் அதற்கே பிடிக்கிறார்கள். அந்த லீவுச் சம்பளத்துக்கென்று முதலாளி கைவிட்டுத் தனியாகப் போவது ஒன்றுமில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இதெல்லாம் கிடையாது என்பதும் பொய். டில்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு ரோடு போட்ட பெண்கள் தொடுத்த வழக்கில், அவர்களுக்கும் பிரசவ சகாயம் உண்டு என்று 2000 ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வயல் வேலைக்குப் போகிற தாய்மாருக்கு 26 வாரமும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. வேப்பமரக் கிளையில் புடவையைக் கட்டித் தூளி போட்டுவிட்டு நடவில் இறங்குகிறாள். அவள் கரையேறிப் பால் கொடுக்கிற நேரத்தைக் கூலியில் பிடிக்கக் கூடாது. கூலி பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். இதைப் பேச ஆண்கள் வெட்கப்பட வேண்டாம்.

இனி, நாளைக் காலையில் செய்ய வேண்டியவை. ஷிப்டுக்குப் போகிற தாய் கையைச் சுத்தமாகக் கழுவிப் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். நிழலான குளிர்ந்த இடத்தில் நாலு மணி நேரம் வரை இருக்கும். நம் கோடை வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். புட்டி வேண்டாம், பாலாடையில் புகட்டுங்கள். வேலை முடிந்து வந்ததும், இரவிலும், குழந்தையை மார்பில் போடுங்கள், ஊற்று வற்றாது. ஆலையில் சங்கக் கமிட்டி தரும் கோரிக்கைப் பட்டியலில் போனசுக்கு அடுத்த வரியில் காப்பகத்தை எழுதுங்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கணக்கையும் எழுதுங்கள், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து. ஆஸ்பத்திரியிலோ மருந்துக் கடையிலோ யாராவது பால் மாவு டப்பாவை இலவசமாகக் கொடுத்தால், அல்லது ஒன்று வாங்கினால் ஒன்று என்று போர்டு மாட்டினால், டப்பாவின் படத்தையும் இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். நகல் ஒன்றைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள்.